ஒரு பல்லைப் பார்க்க இத்தனை பூட்டா?

அன்பும் அறிவும் (அறிவு சற்று அதிகமாகவே) நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம்; கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் அவளுடைய புதுப் பல்லும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். அந்தப் பல்லைச் சம்பந்தி பார்த்துவிட்டார், சம்பந்தி வீட்டுத் தோட்டக்காரர்கூடப் பார்த்துவிட்டார், நான் மட்டும் பார்க்கவில்லை.

இதற்கு யார் பொறுப்பு? போன முறை வந்தபோது, சாப்பிட்ட கை காய்வதற்குள் என்னை உட்கார வைத்து, "மாமா, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வெக்காதீங்க, சந்தேகமான லிங்க்கைத் தொடாதீங்க, போனுக்கு வர்ற கோடை யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்று பாடம் எடுத்தீர்களே! ஆயுசு முழுக்கப் பூட்டுக் கடை நடத்தியவனுக்குப் பூட்டைப் பற்றி உபதேசம். இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது என்று அன்றே வேலையில் இறங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் மனதிலேயே வைத்தேன். மனது அவற்றை எங்கே வைத்தது என்றுதான் தெரியவில்லை. இந்தச் சமயத்தில் என் மகளிடமிருந்து, "அப்பா! பாப்பாவுக்குப் பல் முளைச்சிருச்சு! சீக்கிரம் இதைத் தொட்டுப் பாருங்க!" என்று ஒரு செய்தி. அவசரம், ஆசை, ஆச்சரியக்குறி, கீழே ஒரு லிங்க். திருடனுக்கு நீங்கள் சொன்ன அத்தனை லட்சணமும் இருந்தது. அழித்தேன். அவள் எண்ணையும் முடக்கினேன். உடனே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள். குரல் அவளுடையதுதான், ஆனால் குரலையே நகல் எடுக்கிறார்களாமே? "நீ எம் பொண்ணுதான்னா, சின்ன வயசுல எங்கிட்ட எதுக்கு அடி வாங்கினேன்னு சொல்லு" என்றேன். "நீங்க என்னிக்கு அடிச்சீங்க? அம்மாதானே அடிப்பாங்க!" என்றாள். பதில் சரிதான். ஆனால் அது தெருவுக்கே தெரிந்த விஷயமாயிற்றே, அதை எப்படிச் சாட்சியாக எடுத்துக்கொள்வது? போனை வைத்துவிட்டேன்.

பிறகு நீங்களே கூப்பிட்டு, படம் என் கணக்கிலேயே இருக்கிறது என்றீர்கள். என் கணக்கைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு வரவில்லை. "இப்ப ஒரு கோடு வந்திருக்கும், படிங்க மாமா, நான் இங்கிருந்தே திறந்து விடறேன்." "நீங்க கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" "ஐயோ, அது நான் இல்லாத நான், மாமா!" நான் இல்லாத நானாம்! வேதாந்தம் பேசினால் கோடு கிடைத்துவிடுமா?

மிச்சமிருந்தது ரகசியக் கேள்வி. அதற்கு உண்மையான விடை கொடுத்தால் தெரிந்தவன் எவனும் திறந்துவிடுவான் என்று நானாகவே படித்துத் தெரிந்துகொண்டு, பொய்யாக எழுதி வைத்திருந்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்குச் சொன்ன பொய் ஞாபகம் இருக்குமா? 'உங்கள் முதல் செல்லப் பிராணியின் பெயர்?' என்று கேட்டது. நான் எறும்புகூட வளர்த்ததில்லை. ராஜா என்றேன், இல்லை. சிங்கம் என்றேன், இல்லை. கோபத்தில் என் பெயரையே போட்டேன், அதுவும் இல்லை. உங்கள் மாமியார் அடுப்படியிலிருந்து, "திருடனை வெளிய வெச்சுப் பூட்டச் சொன்னா, தன்னையே வெளிய வெச்சுப் பூட்டிக்கிட்டாரு!" என்று சிரிக்கிறாள்.

முடிவாகச் சொல்கிறேன், மாப்பிள்ளை. என்மேல் ஒரு தப்பும் இல்லை. சம்பந்தி வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னீர்களே, அது நடக்காது. போனுக்குப் பூட்டே போடாமல் திறந்த வீடு மாதிரி வைத்திருக்கும் மனிதர் அவர். நீங்களே நேரில் வந்து, மன்னிப்புக் கேட்டு, குழந்தையோடு பல்லையும் காட்டும் வரை நான் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன்.

பேத்திக்கு எல்லாப் பல்லும் முத்து முத்தாக முளைத்து, பாஸ்வேர்டு எதையும் மறக்காமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் மாமியார் வந்து, அந்தச் செல்லப் பிராணிக் கேள்விக்கு 'மாப்பிள்ளை' என்று அடித்தாள், திறந்துகொண்டது. தப்பாக நினைக்காதீர்கள், பிரியத்தில் எழுதியதுதான். பல்லைப் பார்த்தேன். அடடா, என்ன பல்! என் ஜாடையேதான்! மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். சந்தோஷம் தாங்காமல் போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் லிங்க்கை அனுப்பினேன். திறக்க வேண்டுமே என்று, என் கணக்குக்குப் புதிதாக வைத்த பாஸ்வேர்டையும் சேர்த்தே அனுப்பினேன். 'உங்க கணக்கு முடங்கப் போவுது' என்று தினமும் கூப்பிடுவாரே ஒரு பேங்க் மேனேஜர், முதல் பதில் அவரிடமிருந்துதான்: "பல் ரொம்ப அழகு சார். உள்ள இருக்கிற மத்ததையும் நிதானமாப் பார்த்துக்கறேன்." தங்கமான மனிதர், நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்.