மூன்றாவது நட்சத்திரமும் ஓனோரே வால்மொரானின் பெருந்தன்மையும்

பிரெஞ்சு தேசத்தின் வரலாற்றை அறிஞர்கள் புரட்சிக்கு முன், புரட்சிக்குப் பின் என்று பிரிக்கிறார்கள். பாவம், அறிஞர்களுக்கு ருசி தெரியாது. சரியான பிரிவு இதுதான்: ஓனோரே வால்மொரான் கரண்டி பிடித்திருந்த காலம், அதைக் கீழே வைத்த பிறகு வந்த காலம். பொற்காலம் இரண்டாவதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கரண்டி பிடித்திருந்த காலத்தில் அவர் சமையலுக்கு மூன்றில் இரண்டே இரண்டு நட்சத்திரங்கள்தான் கிடைத்தன. சோன் ஆற்றங்கரையில் தன் பெயரிலேயே ஓர் உணவகம், பன்னிரண்டு அடுப்பு, முப்பத்தெட்டு நாற்காலி. ஒரு மேதைக்கு இது போதுமா? போதாது என்று அவர் உணர்ந்த நாளில் கரண்டி கீழே இறங்கியது, பேனா கைக்கு வந்தது. கடுகு விழுது பாட்டிலில் அவர் கையெழுத்து. உறையவைத்த சூப் பொட்டலத்தில் அவர் கையெழுத்து. விரைவு ரயிலில் கொடுக்கும் காய்ந்த ரொட்டிமேல் அவர் படம். தொலைக்காட்சியில் நடுவராக உட்கார்ந்து, இளம் சமையல்காரர்களை வாரத்துக்கு மூன்று பேர் வீதம் அழவைத்தார். இப்படி ஒன்பது வருடம் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்ததில், அடுப்புப் பக்கம் போக அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

அப்படியானால் முப்பத்தெட்டு நாற்காலிக்கும் யார் சமைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. அற்பர்கள். ஆனாலும் பதில் சொல்லிவிடலாம்: ஒடில் பெர்ஷூ.

ஒடிலுக்கு நாற்பது வயது. பதினோரு வருடமாக அங்கே இரண்டாம் நிலைச் சமையல்காரி. பிரெஸ் வட்டாரத்தின் பேர்பெற்ற கோழியை மஞ்சள் ஒயினிலும் க்ரீமிலும் வேகவைத்து, கூம்புக் காளான் போட்டு அவள் செய்யும் குழம்புக்காக ஜெனீவாவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். உணவுப் பட்டியலில் அதன் பெயர் ‘வால்மொரான் கோழி’. கோழியும் ஆட்சேபிக்கவில்லை.

ஒடிலுக்கு ஓர் ஆசை வந்ததுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். பக்கத்துக் கிராமமான சான்-வெர்னெயில், ஊராட்சிக்குச் சொந்தமான சாப்பாட்டு விடுதி மூடிக் கிடந்தது. அதை எடுத்து நடத்த ஆள் தேடினார்கள். அவள் போய் மேயரம்மாவைப் பார்த்தாள்.

“பதினோரு வருஷமா வால்மொரான்ல நான்தாங்க சமைக்கிறேன்.”

“என்னம்மா சொல்றீங்க? அங்க அவருதானே சமைக்கிறாரு? நேத்துகூட டீவில பாத்தேனே.”

“டீவில இருக்கறவரு அடுப்படில எப்படிங்க இருப்பாரு?”

மேயரம்மா கொஞ்சம் யோசித்தார். “நியாயந்தான். ஆனா கவுன்சில்ல நான் எதையாவது காட்டணுமே. உங்க பேரு எங்கயாவது அச்சுல வந்திருக்கா? ஒரு வரி போதும். கோடைக்குள்ள கொண்டாங்க, விடுதி உங்களுக்குத்தான்.”

ஒரு வரி. பட்டியலில் கோழிக்குக் கீழே, பொடி எழுத்தில், ‘சமைத்தவர்: ஒடில் பெர்ஷூ’. அவ்வளவுதான் அவள் கேட்டது. வால்மொரான் மறுக்கவே இல்லை. அவர் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை, தள்ளித்தான் போடுவார்.

“மூணாவது நட்சத்திரம் வரட்டும் ஒடில். அடுத்த நாளே உன் பேரு அச்சுல. இது என் வாக்கு.”

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது ஒரு வழிகாட்டிப் புத்தகம்; மூன்றுக்கு மேல் கிடையாது. அதன் ஆய்வாளர்கள் பேர் சொல்லாமல் வருவார்கள், தின்பார்கள், காசு கொடுப்பார்கள், அதன் பிறகுதான் அட்டையைக் காட்டிச் சமையலறையைப் பார்க்கக் கேட்பார்கள். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது இந்தத் தேசத்தில் தனியொரு விஞ்ஞானம். உணவுக்கூடத் தலைவர் அமேதே அதில் கரை கண்டவர். நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“வந்துட்டாரு! ஆறாம் மேஜை. தனி ஆளு. அரை பாட்டில் ஒயின். முள்கரண்டிய வேணும்னே கீழ போட்டாரு, நாங்க எவ்வளவு நேரத்துல எடுக்கறோம்னு பாக்க. தரைய விரலால தட்டிப் பாத்தாரு. சின்ன நோட்டுல எழுதறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?”

அன்று வால்மொரானும் ஊரில் இருந்தார். கடுகு விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்திருந்தார். சரித்திரம் இப்படித்தான் நடக்கும். அவர் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு அடுப்பின் முன் வந்து நின்றார்.

“ஆறாம் மேஜைக்கு நானே சமைக்கிறேன்.”

“ஆமாம், ஷெஃப்!” என்றன பன்னிரண்டு குரல்கள்.

பிரெஞ்சுச் சமையலறையில் ஷெஃப் எது சொன்னாலும் இந்த இரண்டு வார்த்தைதான் பதில். தீப்பிடித்தாலும் இதுதான், தீப்பிடிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் இதுதான். இந்த ஒழுக்கம் இல்லாவிட்டால் அங்கே ஒரு முட்டைகூட வேகாது என்பது அவர்கள் நம்பிக்கை. இல்லை என்று சொல்வதற்கு அங்கே யாருக்கும் வாய் பழகவில்லை.

கோழி இறங்கியது, சாறு கொதித்தது. வால்மொரான் கை நிறைய உப்பை அள்ளி, தலைக்கு மேலே கையைத் தூக்கி, மழை மாதிரி தூவினார். கேமராவுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று ஒன்பது வருடமாகப் பழகிய கை அது. குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறும். அதனால் வற்றிய பிறகே உப்பு என்பது பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும்.

“ஷெஃப், உப்பு இப்பவே...”

“என்ன சொல்லணும் ஒடில்?”

“...ஆமாம், ஷெஃப்.”

குழம்பு கால் பங்காக வற்றியது. வால்மொரான் ருசி பார்க்கவில்லை. மேதைகள் பார்ப்பதில்லை. கண்ணை மூடி மோந்தார், “ஏதோ குறையுது” என்றார், மறுபடி ஒருமுறை மழை பொழிந்தார். போச்சு, நட்சத்திரமும் போச்சு, விடுதியும் போச்சு என்று ஒடில் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். மற்ற மேஜைகளுக்கு வழக்கம்போல அவள் சட்டியிலிருந்து போயிற்று. கழிப்பறை வாசலுக்குப் பக்கத்தில், அமேதே கண்டுகொள்ளாமல் உட்காரவைத்திருந்த இரண்டு பெண்மணிகளுக்கும் அதே சட்டிதான். அவர்கள் ஒருத்தியின் விவாகரத்தைப் பற்றிச் சளைக்காமல் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் ஆறாம் மேஜைத் தட்டு திரும்பி வந்தது. ஒரே ஒரு வாய் குறைந்திருந்தது.

“சோதிக்கிறாரு!” என்றார் வால்மொரான், முகம் மலர்ந்து. “நான் தடுமாறறேனான்னு பாக்கறாரு!” வேகமாக வெளியே போய் ஆறாம் மேஜைமுன் குனிந்தார். “ஐயா, தாங்கள் நாவில் உணர்ந்தது உப்பு அல்ல. ஆதியில் இந்த மண்ணை மூடியிருந்த கடலின் நினைவு.”

“நெனைவோ என்னமோ, வாய் வெந்துபோச்சு,” என்றார் அந்த மனிதர். “நான் கல்லறைக்கல் செதுக்கறவன் ஐயா. உங்க தரைக்கல்லு நல்லா இருக்கேன்னு எந்தக் கல்குவாரியோடதுன்னு குறிச்சுக்கிட்டிருந்தேன். இந்தக் குழம்பு கீழ சிந்தினா அந்தக் கல்லே அரிச்சுப்போகும்.”

அதே நேரத்தில் கழிப்பறை வாசல் மேஜையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்து அட்டையை நீட்டினார். வழிகாட்டிப் புத்தகம். சமையலறையைப் பார்க்கலாமா?

குனிந்திருந்த முதுகு நிமிராமலேயே திசை மாறியது. அப்படி ஒரு லாவகத்தை நாட்டியக்காரர்களிடம்கூடப் பார்க்க முடியாது.

சமையலறையில் அந்தப் பெண்மணி அடுப்புகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, “அந்தக் கோழில ஒரு கை தெரிஞ்சுது. கணக்கா, அமைதியா, கொஞ்சம் பிடிவாதமா. இப்படி ஒரு குழம்ப நான் சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு. உங்க கைதானே?” என்று கேட்டார்.

வால்மொரான் அடக்கமானவர். தன் வாயால் தன்னைப் புகழமாட்டார். அணியின் பக்கம் திரும்பினார்.

“என் கைதானே?”

“ஆமாம், ஷெஃப்!”

பன்னிரண்டு குரல். அதில் ஒன்று தன்னுடையது என்று ஒடிலுக்கு உறைத்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. பதினோரு வருடப் பழக்கம், நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பாழாய்ப்போன நாக்கு என்று அதைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் மூன்றாவது நட்சத்திரம் வந்தது. வால்மொரான் மேடையேறி, கண் கலங்கி, அம்மாவுக்கும் தாய்மண்ணுக்கும் கடுகு நிறுவனத்துக்கும் நன்றி சொன்னார். மறுநாள் ஒடில் அவர் அறைக்குப் போனாள்.

“ஷெஃப், அந்த ஒரு வரி...”

“மறப்பேனா? ஆனா பட்டியல்ங்கறது கவிதை மாதிரி. அதுல ரெண்டு பேரு வந்தா சந்தம் கெட்டுடும். கொஞ்சம் பொறு, வேற வழி பாக்கறேன்.”

அவர் பார்த்தும் விட்டார். நட்சத்திரச் செய்தியைப் படித்த கல்லறைக்கல் சிற்பி, மாவட்டப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். ‘மூன்று நட்சத்திரமா? அங்கே தின்ற ஒரு வாய்க்கு மூன்று நாள் தண்ணீர் குடித்தேன்’ என்று ஆரம்பித்து, கல்லில் செதுக்குகிற மாதிரியே சுருக்கமாக எழுதி முடித்திருந்தார். உணவகம் உடனே விசாரணைக் குழு அமைத்தது. தலைவர்: ஓ. வால்மொரான். உறுப்பினர்: அவரே. குழுவின் முடிவு மே மாதம் அதே பத்திரிகையில் வெளிவந்தது: ‘மேற்படி தட்டைச் சமைத்தவர், எமது உணவகத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒடில் பெர்ஷூ. அன்று நிகழ்ந்த உப்புப் பிழைக்கு எமது ஷெஃப் மனம் வருந்துகிறார்.’

முதலில் ஒடிலின் அண்ணன் கூப்பிட்டான். “ஏய், உன் பேரு பேப்பர்ல வந்திருக்குடி!” என்றான் சந்தோஷமாக, முழுதும் படிக்காமல். அடுத்தது மேயரம்மா.

“பாத்தேம்மா. அச்சுல வந்திருக்குதான். ஆனா என்ன செய்யறது, எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. கவுன்சில் வேண்டாம்னுடுச்சு.”

ஒடில் பத்திரிகையோடு வால்மொரான் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை. பத்திரிகையை மேஜைமேல் வீசினாள்.

“இது நீங்க சமைச்சது! என் சட்டிய அந்தக் கல்லு செதுக்கறவரு கண்ணாலகூடப் பாக்கல! எப்படிங்க மனசு வந்துச்சு?”

“கூச்சல் போடாத. அச்சுல பேரு கேட்டது யாரு?”

“நான்தான். நான் செஞ்சதுக்குக் கேட்டேன்!”

“ஒரு வரி கேட்ட. மூணு வரி வந்திருக்கு. பதினோரு வருஷம்னுகூடப் போடச் சொன்னேன். இதுக்கு மேல நான் என்னதான் பண்ணுவேன், சொல்லு?”

அவள் திரும்பி நடந்தாள். சமையலறைக்குப் போனாள், பன்னிரண்டு அடுப்பையும் ஒவ்வொன்றாக அணைத்தாள், கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் வரும் முன்வாசல் வழியாகவே வெளியேறினாள். மணி பதினொன்றரை. முப்பத்தெட்டு நாற்காலிக்கும் முன்பதிவு ஆகியிருந்தது.

நன்றி கெட்டவள் என்று வால்மொரான் அன்று வருந்தியதில் என்ன தப்பு? பதினோரு வருடமாக அவள் சமைத்த தட்டுகள் அத்தனையையும் முகம் சுளிக்காமல் தன் பேரில் சுமந்தவர் அந்த மனிதர். ஒன்பது வருடத்தில் தன் கையால் சமைத்தது ஒரே ஒரு தட்டு. அதைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அவள் பேருக்கே எழுதி வைத்தார்.