நட்சத்திரம் அண்ணை அறை பார்த்த கதை

ஐரோப்பாவில் மனிதன் படுக்கத் தகுந்த ஹோட்டல் அறை ஒன்றுகூட இல்லை என்பதை, எந்த ஹோட்டலிலும் படுக்காமலே கண்டுபிடித்தவர் நட்சத்திரம் அண்ணை. சுவிஸில், ஓல்டன் நகரத்தில், ஒரே சாமான் கிடங்கில் அவரும் நானும் பல வருடம் பெட்டி அடுக்கினோம். பெட்டி அடுக்கி நான் களைத்ததில்லை. அவரோடு சேர்ந்து அறை தேடித்தான் களைத்தேன்.

அவருடைய சொந்தப் பெயரைக் கிடங்கில் யாரும் சொல்வதில்லை. எதை வாங்குவதானாலும், எங்கே போவதானாலும், ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியவர்கள் எழுதியதை மட்டும் போனில் தேடி வாசிப்பார். ஐந்து நட்சத்திரம் போட்டவனைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது ஹோட்டல்காரன்ர மச்சான் எழுதினது தம்பி" என்று முடித்துவிடுவார்.

என் மனைவி வசந்திக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகலில் படுக்கலாம் என்றால் ஜன்னலுக்குக் கீழே ரயில், தலைக்கு மேலே மாடிவீட்டுப் பிள்ளைகள். அந்த வருடம் அவள் கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்திருந்தது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள், அல்லது போடவே மாட்டாள். லீவெடுத்து எங்காவது போவோமா என்றேன்.

"எனக்குக் கோபுரமும் வேண்டாம், மியூசியமும் வேண்டாம். நித்திரை கொள்ள ஒரு அறை பாருங்கோ, காணும்" என்றாள்.

இதைத் தேநீர் இடைவேளையில் சொன்னேன். அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் ஒண்டும் செய்யாதேயும். நான் பாக்கிறன்."

முதலில் வியன்னா. அழகான அறை, ரயில் நிலையத்துக்குப் பக்கம்.

"கட்டில் கிரீச்சிடுது எண்டு ஒரு நோர்வேக்காரி எழுதியிருக்கிறா."

"அது நாலு வருசத்துக்கு முந்தி எழுதினது அண்ணை."

"வயசு போகப் போகக் கிரீச்சிடுறது குறையுமோ? உம்மட முழங்காலைக் கேட்டுப் பாரும்."

வியன்னா போயிற்று. பிராக்கில் ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள். "ஆறு எண்டால் நுளம்பு கடிக்கும்." லிஸ்பன் முழுக்க ஏற்றம், பெட்டி இழுத்தே லீவு முடிந்துவிடும். ரோமில் எல்லாம் சரியாக வந்தது. பணம் கட்டப் போகிற நேரம் அண்ணை கையைப் பிடித்தார்.

"சாப்பாட்டு அறையில பூனை நிக்குதாம்."

"பூனை என்னண்ணை செய்யும்?"

"பூனை நிண்டால் எலி நிக்குது எண்டு அர்த்தம்."

வாரங்கள் போயின. ஒவ்வொரு நகரமாக அறைகள் தீர்ந்தன. "அண்ணை ஓம் எண்டு சொல்றதுக்கிடையில நான் பென்சன் எடுத்திடுவன்" என்று வசந்தி சோபாவில் சரிந்தாள். கடைசியில், லீவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அண்ணை கிடங்குக்குள் ஓடி வந்தார். சுவிஸுக்குள்ளேயே, மலையடியில் கூர் நகரம். அங்கே பழைய தெருவில் சின்ன ஹோட்டல். ஒரேயொருவர்தான் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். 'ஒரு சத்தமும் இல்லை, சலித்துப்போய்விட்டது' என்று எழுதியிருந்தார்.

"இதுதான் தம்பி அறை! நானும் வாறன். அவன் பொய் எழுதியிருந்தால் ஆர் பொறுப்பு?"

அவருடைய மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போயிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெம்பில்லை. ஐரோப்பா பார்க்கப் புறப்பட்ட நாங்கள் இருவரும், மூவராக, கூரில் போய் இறங்கினோம்.

அறைக்குள் முதலில் அண்ணைதான் போனார். குழாயைத் திறந்தார். கட்டிலை ஆட்டினார். சுவரில் காதை வைத்தார். தலையணையை மோந்து பார்த்தார். பக்கத்தில் லிஃப்ட், சத்தம் கேட்குமாம், அறையை மாற்றச் சொன்னார். மாற்றியதில் குளிர்சாதனப்பெட்டி முனகியது. வரவேற்பறைப் பெண் மூன்றாவது சாவியைத் தரும்போது, "நீங்கள் நகரசபையிலிருந்து வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

மூன்றாவது அறையிலிருந்தும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். நடையில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த வசந்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அண்ணை, நான் நிலத்திலயும் படுப்பன். விடுங்கோ."

அண்ணை சட்டைப்பைக்குள் கையை விட்டார். பின்பக்கம் இருந்த தன் அறைச் சாவியை அவள் மடியில் வைத்தார். தெருப்பக்கம் இருந்த அந்த மூன்றாவது அறையை அவர் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பின்ஜன்னலுக்கு நேர் எதிரே தேவாலய மணி அடித்தது. கண்ணாடி அதிர்ந்தது.

"இதை ஒருத்தரும் எழுதேல்லையே!" என்றவர் விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஏதும் ஆகிவிடுமோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

தேவாலயப் படியைக் கூட்டிக்கொண்டிருந்த கிழவரிடம், கிடங்கில் கற்ற ஜெர்மன் மொழியில் அண்ணை விளக்கினார். தங்கச்சிக்கு இரவு வேலை, நித்திரையில்லை, நாளை மத்தியானம் வரைக்கும் மணியை நிறுத்த முடியுமா?

கிழவர் விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். "ஐயா, இந்த மணி பல நூறு வருடமாக அடிக்கிறது."

"அப்ப அதுக்கும் ஒரு நாள் ஓய்வு குடுக்கலாம்தானே?"

கிழவர் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. மணி நிற்கவில்லை.

ஆனால் வசந்தி படுத்தவள் படுத்தவள்தான். காலையில் மணி முழங்கியபோதும் புரளவில்லை. நான் கோப்பி எடுக்கக் கதவைத் திறந்தேன். வெளியே கதிரை போட்டு அண்ணை உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் அறைக்கு வந்த குளியல் துவாய்கள். கையில், தூசி உறிஞ்சும் மெசினிலிருந்து கழற்றிச் சுருட்டிய வயர். துப்புரவுப் பெண் எதிரே செய்வதறியாமல் நின்றாள். அண்ணையின் கண் தக்காளிபோலச் சிவந்திருந்தது. தெருப்பக்கத்தில் அவர் கண்மூடவில்லை என்று தெரிந்தது.

"எழும்பிட்டாவோ?"

"இல்லையண்ணை."

"அப்ப கதவை மெதுவாச் சாத்தும். தங்கச்சி படுக்கட்டும்."

அவள் மத்தியானம் கடந்து எழும்பினாள். அடுத்த நாளும் அப்படியே. கூரில் நாங்கள் பார்த்தது தலையணை மட்டும்தான்.

திரும்பும்போது சூரிச்சில் பேர்ன் போகும் ரயிலில் மாறி ஏறினோம். ஏறியவுடனே அண்ணை வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். வசந்தி தன் சால்வையை அவர்மேல் போர்த்தினாள். அவள் கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. வழியில் எங்கள் ஓல்டன் வந்தது. பெட்டியை இறக்க நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"பேர்ன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவம். அண்ணையை எழுப்பாதேங்கோ."