ஸ்டெப்னிக்காரர் எழுதிய எட்டுப் பக்க வியாதி

மனுசனுக்கு உயிர் ஒன்றுதான் என்பதைப் பெரிய நிர்வாகக் கோளாறாக நினைத்த ஒரே ஆள், நாமக்கல்லில் எங்கள் தெருவில் இருந்த ஸ்டெப்னிக்காரர்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஒருமுறை நடுக்காட்டில் டயர் வெடித்து, மாற்று டயரான ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லையாம். இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். அன்று பிடித்தது. மூக்கில் ஒரு கண்ணாடி, பையில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று. "உங்கூட்டுல ஒண்ணு கெடக்கட்டுமுங்க" என்று அவரே கொண்டுவந்து வைத்தார். பேக்கரிக்கு டீ குடிக்க வந்தாலும் பையில் மாற்றுச் செருப்பு இருக்கும்.

அறுபதைத் தாண்டிய எங்கள் இருவருக்குமே பிள்ளைகளின் கம்பெனி மருத்துவக் காப்பீடு ஒரு வரம்பு வரைக்கும் உண்டு. பில் அதைத் தாண்டினால் தாங்கிக்கொள்ள டாப்-அப் பாலிசி என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் அவர் துள்ளினார். "அட, ஸ்டெப்னி பாலிசீங்க!"

ஏஜென்ட் வந்தார். வார்த்தைக்கு வார்த்தை அப்பா, அம்மா.

"இப்படிக் குடுங்க, காத்து இருக்குதான்னு பாக்கோணும்" என்று ஸ்டெப்னிக்காரர் பாலிசித் தாளை வாங்கி, டயரைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டினார். பிறகு பொடி எழுத்தைச் சத்தமாக வாசித்தார். "பழைய வியாதிக்கு எத்தன வருசம் காத்திருக்கோணுமுங்க? ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா? பில்லுல எம்பங்கு எவ்வளவு?" ஏஜென்ட் மூன்று தடவை தண்ணீர் கேட்டார்.

விண்ணப்பத்தில் வியாதிக்கு விட்டிருந்த இடம் அவருக்குப் போதவில்லை. தனித்தாள் வாங்கினார். சர்க்கரை, பிரஷர், மூன்றாம் வகுப்பில் வந்த பொன்னுக்கு வீங்கி, ஓமலூர் சந்தையில் மாடு முட்டியது என்று எட்டுப் பக்கம்.

"இதெல்லாம் எழுதுனா பாலிசி கெடைக்காதுங்கப்பா."

"ஆணி ஏறுன டயருன்னு தெரிஞ்சே ஸ்டெப்னியா மாட்டச் சொல்றீங்களா?"

ஏஜென்ட் என் பக்கம் திரும்பினார். என் மனைவிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. "அம்மாவுக்கு சுகர்னு போடாதீங்கப்பா. யாரு பாக்கப் போறாங்க?" நானும் போடவில்லை. ஒரே நாளில் எங்களுக்குப் பாலிசி வந்தது. ஸ்டெப்னிக்காரரை இரண்டு கம்பெனிகள் விரட்டின. மூன்றாவது கம்பெனி கூடுதல் பிரீமியம் கேட்டது; பழைய வியாதிகளுக்கு மூன்று வருஷம் காத்திருக்கவும் சொன்னது.

"ஏனுங்க, மாடு முட்டுனதுக்கும் மூணு வருசமுங்களா?" என்று கேட்டேன். பேக்கரியே சிரித்தது. அவரும்தான்.

அடுத்த வருஷம் என் மனைவிக்கு இருதயத்தில் அடைப்பு. ஆபரேஷன். பில், மகனின் கம்பெனி வரம்பைத் தாண்டியது. டாப்-அப் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: 'அன்புள்ள வாடிக்கையாளரே, நோயை மறைத்ததால் தர இயலாது.' எப்படித் தெரிந்தது? சேர்க்கும்போது டாக்டர் கேட்டிருக்கிறார். இவள் "சர்க்கரை பத்து வருசமா இருக்குதுங்க" என்றிருக்கிறாள். அது ஃபைலில் ஏறிவிட்டது. அப்பா, அம்மா என்றவர் அதன்பின் போனையே எடுக்கவில்லை. அவர் பெயரில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் இன்றைக்கும் தவறாமல் வருகிறது. பில்லைக் கட்ட, ஆட்டையாம்பட்டி பக்கம் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த மனை ஒரே வாரத்தில் கைமாறியது.

படுத்தபடியே என் மனைவி கேட்டாள்: "நான் டாக்டர்கிட்ட வாய மூடியிருக்கோணுமுங்களா?"

அப்போதுதான் ஸ்டெப்னிக்காரர் இரண்டு டிபன் கேரியருடன் உள்ளே வந்தார். இன்றைக்குக் குத்திக் காட்டப்போகிறார், காட்டட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மிணி, அந்த ஃபைலுலயே நெசம் நீங்க சொன்னது ஒண்ணுதானுங்க" என்றார். இரண்டாவது கேரியரை என் பக்கம் தள்ளினார். "நீங்க சாப்புட்டீங்களா?"

அவருடைய மூன்று வருஷம் முடிந்த அன்று பேக்கரியில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். "இனி எந்த வியாதி வேணாலும் வரட்டுமுங்க!" ஒரு மாதம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அத்தனை காற்று பார்த்து மாட்டிய பாலிசி, ஒரு ஊசிக்குக்கூட உதவவில்லை.

இப்போது நாங்கள் புதுப் பாலிசிக்கு விண்ணப்பம் வாங்கியிருக்கிறோம். வியாதிப் பக்கத்துக்குத் தனித்தாள் எடுத்துவிட்டேன். பொடி எழுத்தைப் படிக்க, எங்கள் வீட்டில் கிடக்கும் அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. பவர் சேரவில்லை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.