முப்பத்தொன்றாவது ஆள்

சிங்கப்பூரில் புல்தரையில் உட்காரும் முன் அந்தப் புல் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்த ஒரே மனிதர் எங்கள் பெர்மிட் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்கத்தில் நின்றேன்.

ஜூரோங் கப்பல் பட்டறையில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். கப்பலின் டேங்குக்குள் ஆள் இறங்க அவர்தான் பெர்மிட் தருவார். உள்ளே போகும் தலைகளை எண்ணுவார். வெளியே வரும்போதும் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போகும் வரை டீ குடிக்க மாட்டார். அந்தப் பழக்கத்தை மனிதர் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை.

சாங்கி கடற்கரையில் மகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார். கூடாரத்துக்கு ஒரு பெர்மிட், கோழி சுடும் அடுப்புக்கு ஒன்று. இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேக்குக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். பறந்துபோன பலூனைப் பக்கத்து அடுப்புக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொன்ன கையோடு, "நீங்க எங்க லிஸ்ட்ல இல்லீங்களே," என்றார் அண்ணன். அந்த மனிதருக்குக் கேக்கை அவருடைய அடுப்படிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இருந்தாலும், பட்டறைப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கபடி ஆட நினைத்து, லிட்டில் இந்தியா பக்கத்துத் திடலில் அனுமதி கிடைக்காமல் திரும்பியபோது, அவரிடம்தான் ஓடினார்கள். மூன்று வாரம் அலைந்தார். 'ஒருவர் மூச்சடக்கிப் போவார், ஏழு பேர் பிடிப்பார்கள்' என்று படிவத்தில் எழுதிவைத்தார். அதைப் படித்த அதிகாரி, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று போன் போட்டுக் கேட்டாராம். ஒருவழியாகப் பெர்மிட் வந்தது. மொத்தம் முப்பது பேர், நடுவரான அண்ணனையும் சேர்த்து.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில், வேலை பூட்ஸோடு முருகேசன் ஓடிவந்தான். எங்கள் வெல்டர். பத்து வருஷம் இங்கே உழைத்துவிட்டு, வரும் புதன்கிழமை ஒரேயடியாக ஊருக்குப் போகிறான். அன்று ஓவர்டைம் என்பதால் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை.

"சூப்பர்வைசர் விட்டுட்டாருண்ணே. கடைசியா ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போயிடுறேன்."

அண்ணன் எண்ணினார். முப்பத்தொன்று.

"ஒரு ஆளுதானே லா. யாரு எண்ணப் போறா?" என்றேன், சிங்கப்பூர் 'லா'வும் சேர்த்து.

"நான் எண்ணுவேன்."

முருகேசன் ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே போய் நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெர்மிட்டைக் கிழித்து அண்ணன் வாயில் திணித்திருப்பேன்.

அண்ணன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். பட்டியலில் தன் பெயரை அடித்து, மேலே முருகேசன் பெயரை எழுதினார். பிறகு கயிற்றைத் தாண்டி நடைபாதைக்குப் போனார்.

"அப்ப நடுவரு?" என்றேன்.

"விசில் சத்தத்துக்கு ஆள் கணக்கு கிடையாது. ஆடுங்க."

இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று அங்கிருந்தே விசில் ஊதினார். பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினால் கயிற்றுக்குள் கை நீட்டி வாங்க மறுத்தார். கடைசியில் பொட்டலத்தைக் கயிற்றுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டோம். முருகேசன் அன்று ஆறு முறை எதிரணி ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஆறு முறையும் நேராகக் கயிற்றோரம் ஓடி அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார்.

இந்த வருஷமும் கபடி உண்டு. பெர்மிட்டுக்கு நான்தான் எழுதிப்போட்டேன். முப்பத்தொரு பேர். பட்டியலில் முதல் பெயர் அண்ணனுடையது, யாரும் அடிக்க முடியாதபடி கொட்டை எழுத்தில்.