உறைந்த எண்ணெய்க்கு உகந்த பந்து

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அதன் கோயில்களைக் கொண்டோ நூல்களைக் கொண்டோ அளப்பது பிழை. எண்ணெய் பூசிய பலகைத் தளத்தில் எந்தப் பந்தை உருட்டுவது என்று அது எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கிறது என்பதே சரியான அளவுகோல். அவ்வகையில், 1958ஆம் ஆண்டில் இலங்கையின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் எங்கள் தேயிலைத் தோட்ட உத்தியோகத்தர் சங்கத்துக்கு நிகரான அமைப்பு வேறில்லை.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, நீண்ட பலகைத் தளம் ஒன்றையும், அதன் கோடியில் நிறுத்தி வீழ்த்துவதற்கான மரக்கட்டைகளையும், மூன்று பந்துகளையும் விட்டுச் சென்றிருந்தார். பந்து வழுக்கிச் செல்வதற்காகத் தளத்தில் எண்ணெய் பூச வேண்டும் என்பது விதி. சங்கம் தேங்காயெண்ணெய் பூசியது. ஒரு மார்கழி விடியலின் குளிரில் அது வெள்ளை மெழுகாய் உறைந்தது. பக்கத்து நோர்வூட் தோட்டத்து அணியோ அன்று காலையிலேயே போட்டிக்கு வரவிருந்தது.

"பந்துத் தேர்வுக் குழு" அவசரமாகக் கூடியது. தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் செல்லசாமி, தேயிலைச் சாயத்தைச் சுவைப்பதுபோலத் தளத்து எண்ணெயை நாக்கில் வைத்து, உறிஞ்சி, துப்பினார். உறைந்த எண்ணெய்க்குக் கனத்த பந்து, பாதி இளகியதற்கு நடுத்தரப் பந்து, உருகியதற்கு இலேசான பந்து என்று தீர்ப்பளித்தார். கனத்த பந்து உருட்டப்பட்டது. அது பாதி வழியில் நின்று தியானத்தில் ஆழ்ந்தது.

எண்ணெயை உருக்குவதே வழி என்றார் சங்கத் தலைவரான பெரிய கிளாக்கர் முத்துலிங்கம். தோட்டத்தின் ஒரே கணப்புச் சட்டி பிரசவ அறையில் "வீணாக" எரிவதைக் கணக்கப்பிள்ளை அழகுமுத்து நினைவூட்டினார். முந்தின நாள் பிள்ளை பெற்ற வீரம்மா என்னும் கொழுந்து பறிக்கும் பெண் அங்கே படுத்திருந்தாள். சட்டி தூக்கிவரப்பட்டுத் தளத்தின் நடுவே வைக்கப்பட்டது. எண்ணெய் இளகத் தொடங்கியது.

சற்று நேரத்தில் வீரம்மாவும் வந்து சேர்ந்தாள். கம்பளிக்குள் குழந்தையை அணைத்தபடி, எவரையும் கேளாமல், கணப்பருகே தளத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரி. போட்டி நடக்கப் போவுது," என்றார் அழகுமுத்து.

"நடக்கட்டுங்க ஐயா. புள்ள வெரலெல்லாம் நீலமா போயிருச்சுங்க. அங்க நெருப்பு இல்ல, இங்க இருக்கு."

"பிரசவக் காம்பராவுக்கே திரும்பிப் போ. சாயங்காலம் சட்டி வரும்."

"அதுவரைக்கும் குளிரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, போறேன்."

இம்மறுமொழியில் பணிவு குறைந்திருந்ததே தவிர, பிழை ஏதும் இல்லை.

வெளியே நோர்வூட் அணியின் லொறி ஹோர்ன் அடித்தது. குழு மீண்டும் கூடியது. தாயும் சேயும் அமர்ந்திருக்கும் தளத்துக்கு உகந்த பந்து எது என்பது இதுவரை எவரும் ஆராயாத துறை. நடுத்தரப் பந்து அவளைச் சுற்றி வளைந்து செல்லும் என்றார் முத்துலிங்கம். உருகிய எண்ணெயில் எந்தப் பந்தும் வளையாது என்றார் செல்லசாமி. அவள் சற்றுக் குனிந்தால் கனத்த பந்தையே வீசிவிடலாம் என்றார் அழகுமுத்து. சட்டியைப் பிரசவ அறைக்கே திருப்பி அனுப்பலாம் என்று மட்டும் ஒருவரும் முன்மொழியவில்லை.

இறுதியில் வாக்கெடுப்பு நடந்தது. பச்சிளங் குழந்தை இருப்பதைக் கருத்திற்கொண்டு, முழு மனிதாபிமானத்தோடு, மூன்றில் இலேசான பந்தையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.