முதலாளி கேபினுக்குள் இருக்க ஐம்பது ஓவர் வேண்டும்

மதிப்புக்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அய்யாவுக்கு,

நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கும் ஜெயபாண்டி கும்பிட்டு எழுதுவது. நானும் வீட்டாரும் பஞ்சுத் தூசித் தும்மலோடு நலம். தாங்களும் தங்கள் அச்சு மிஷினும் நலமாய் ஓட வேண்டும்.

நம்ம அணி வெளிநாடு போய் மூன்று ஒருநாள் ஆட்டத்திலும் தோற்றதும், இனி ஒருநாள் ஆட்டம் எதற்கு, இருபது ஓவரே போதும் என்று எழுதிவிட்டீர்கள். அய்யா, உங்களுக்கு எங்கள் முதலாளி மயில்சாமியைத் தெரியாது. நல்ல மனுஷன்தான், ஆனால் மிஷினுக்கு மிஷின் வந்து நிற்பார். அவர் பின்னால் நின்றால் நேர்த் தையலும் கோணலாகும். இருபது ஓவர் ஆட்டத்தை ராத்திரி வீட்டில் பார்த்துக்கொள்வார், அதில் எங்களுக்கு என்ன லாபம்? ஐந்து நாள் ஆட்டம் அவருக்குத் தூக்க மாத்திரை. ஒருநாள் ஆட்டம் ஒன்றுதான் அவரைக் காலையிலிருந்து ஷிப்டு முடியும்வரை கண்ணாடிக் கேபினுக்குள் டிவி முன்னால் கட்டிப்போடும். அன்றைக்குத்தான் நாங்கள் டீயைச் சூடாகக் குடிப்போம், டெய்லர் ரோஸ்மேரி தன் மாமியார் கதையை முடிவுவரை சொல்லும்.

அப்படியிருக்க நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள்? முதல் ஆட்டத்தில் மத்தியானச் சோற்றுக்கு முன்னாலேயே எல்லாரும் அவுட். முதலாளி வெளியே வந்து, "ஏனுங்க ரோஸ்மேரி, அங்க அவனுங்க விக்கெட்ட விடறானுங்க, இங்க நீங்க தையல விடறீங்களா?" என்றார். "பிட்ச் சரியில்ல முதலாளி" என்றது அது. இரண்டாவது ஆட்டம் அதைவிட மோசம். கோபத்தில் அவரே மிஷினில் உட்கார்ந்து, "இப்படித் தெக்கோணும், பாருங்க" என்று குழந்தைப் பனியன் ஒன்றைத் தைத்து லைனுக்கு முன்னால் சாம்பிளாக மாட்டிவிட்டுப் போனார். பிடரியில் வர வேண்டிய லேபிள் தொண்டையில் வந்திருந்தது. மாட்டிய சாம்பிளைப் பார்த்து அச்சு அசலாகத் தைப்பதுதான் இங்கே வேலை. முதலாளி தைத்ததைத் தப்பு என்று யார் சொல்வது? லைன் முழுக்க அப்படியே தைத்தது, நானும் சாம்பிளோடு ஒத்துப் பார்த்து பாஸ் போட்டேன். மறுநாள் அத்தனையையும் பிரித்தோம். மூன்றாவது ஆட்டமும் போன அன்று, "இனி ஒன்டே மேட்சே பாக்கறதில்லீங்க, பொழுதுக்கும் உங்ககூடத்தான்" என்று சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் நீங்களும் ஆட்டத்தையே நிறுத்தச் சொன்னால் எங்கள் கதி என்ன? ஆட்டம் இருந்தாலாவது என்றைக்காவது மனசு மாறி உள்ளே போவார். ஓவரைக் குறைக்காதீர்கள் அய்யா. முடிந்தால் அறுபதாக்குங்கள்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லார் பனியனும் தையல் விடாமல் நீடித்து உழைக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயபாண்டி

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் முதலாளி மனசு மாறிவிட்டது. "தனியாப் பாத்தா வகுறு எரியுதுங்க, இனி உங்ககூட உக்காந்தே பாக்கறனுங்க" என்று டிவியைத் தூக்கிவந்து லைனுக்கு முன்னால் வைத்துவிட்டார். டிவியின் முகம் அவருக்கு, முதுகு எங்களுக்கு. பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுச் சோதித்தும் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டமும் தெரிகிறது, நாங்களும் தெரிகிறோம். ஆகையால் மேலே எழுதியதை அடித்துவிட்டு, ஐம்பது ஓவரை ஒழிக்கச் சொல்லி இன்னொரு தடவை காரமாக எழுதவும். ரோஸ்மேரியும் கையெழுத்துப் போடும்.