காணோம் டீச்சரும் என் வருகைப் பதிவேடும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை விற்றுப் பிழைக்கிற மருந்துக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் காணோம் டீச்சரின் படத்தைக் கடையில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போட வேண்டும். அவர் காலடி பட்ட பள்ளிக்கூடத்தில் மாத்திரை போடாத தலைமையாசிரியர் கிடையாது. எனக்கு ஐந்து மில்லிகிராம். பக்கத்து ஊர்க்காரருக்குப் பத்து. அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் தரிசனம்.

நான் அப்போது கடப்பாக்கத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர். தலைமை என்றதும் பின்னால் ஒரு படையைக் கற்பனை செய்ய வேண்டாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருத்தன் நான். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. வம்பு தும்பு இல்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு லட்சியம் இல்லாத மனிதன். அப்படிப்பட்டவன் தலையில்தான் ஒரு புதன்கிழமை அந்த அம்மாள் வந்து விடிந்தார்.

சிறப்பாசிரியர். அதாவது மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, வட்டார அலுவலகம் ஒப்பந்தத்தில் அமர்த்தி ஊர் ஊராக அனுப்பியவர். புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ. தோளில் அரிசி மூட்டை அளவுக்கு ஒரு பை. கையில் மடக்கு சக்கர நாற்காலி. அதை பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால், "இது லக்கேஜ் இல்ல கண்டக்டர், சீட்டு. ஆளு இன்னும் ஏறல, அவ்ளோதான்" என்பாராம். அவருடைய மாணவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அந்தப் பழக்கத்தில் எல்லாரிடமும் அதே குரலில்தான் பேசுவார். ரகசியம் சொன்னால் மரக்காணத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்.

வந்த அன்றே வினை ஆரம்பித்துவிட்டது. எங்கள் பள்ளி வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று ஒரு சாய்தளம் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சறுக்கு மரத்தையே கொண்டுவந்து வைத்தது என்று சொல்லும்படி ஒரு செங்குத்துச் சரிவு. மேலே போய் முடிகிற இடத்தில் அரை அடி உயரப் படி. நான் அதில் என் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருந்தேன். நிழல் விழுகிற இடம், என்ன தப்பு?

"இன்னா சார், இந்த ஸ்கூட்டரு எந்தக் கிளாஸ் படிக்குது?" என்றார்.

நான் ஸ்கூட்டரை நகர்த்தினேன். நாற்காலியை விரித்தார். "உக்காருங்க."

"நானா?"

"பின்ன? ஏறி எறங்கிப் பாத்தாதான தெரியும். பயப்படாதீங்க, புள்ளைங்க ஏறுற எடந்தான!"

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மூச்சுப் பிடித்துத் தள்ளி மேலே கொண்டுபோனார். நாற்காலி படியில் முட்டி நின்றது. என் முதுகுப் பக்கம் பள்ளத்தாக்கு.

"வுட்டுடட்டுமா சார்?"

"ஐயையோ, விட்டுடாதீங்க டீச்சர்!"

"அப்ப புள்ளைங்கள மட்டும் வுடலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை வழுக்கிவிட்டது என்பது அவர் தரப்பு வாதம். பின்பக்கமாகவே இறங்கி, சத்துணவு ஆயா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையைத் தாண்டி, புங்கமரத்தில் போய் நின்றேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கைதட்டியது. அன்று சாயங்காலமே வட்டார அலுவலகத்துக்கு என் முதல் புகார்க் கடிதம் போயிற்று.

அடுத்த புதன்கிழமை அவர் என் வருகைப் பதிவேட்டில் கை வைத்தார்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். நடக்க முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே போய் வாரம் ஒருமுறை பாடம் சொல்லித்தரலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும். பெயருக்கு நேரே தினமும் வருகை போட்டுவிடுவோம். போடாவிட்டால் ஏன் எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். நானாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் போட்டார், நானும் போட்டேன். அப்படி எங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தவள் நதியா. பத்து வயது. கால் வராது, கை நடுங்கும், பேச்சு மெதுவாக வரும். மூளையில் ஒரு குறையும் இல்லை. வீடு பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைப் படித்தார். "நதியா... ஒரு நாள் கூட லீவு எடுக்கலையே! இன்னிக்கும் ஒம்போதரைக்கு வந்துகீறா. எங்க சார் பாப்பா?"

"அது வீட்டுல இருக்குற பிள்ளைங்க டீச்சர்."

"காலையில வந்துச்சின்னு நீங்கதான எழுதிகீறீங்க?"

"எழுதினேன்..."

"அப்ப இப்ப எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். "ஐயோ, புள்ளயக் காணோம்! ஸ்கூலுக்கு வந்த புள்ளயக் காணோம்!" காணோம் டீச்சர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

எங்கள் கடற்கரையில் பிள்ளையைக் காணோம் என்றால் யாரும் ரோட்டுப் பக்கம் பார்க்க மாட்டார்கள். கடலைத்தான் பார்ப்பார்கள். பத்தே நிமிஷம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கரைக்கு ஓடினார்கள். இரண்டு ஃபைபர் படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. கோயில் மைக்கில் அறிவிப்பு. ஒருத்தன் குளத்தில் குதித்தே விட்டான். ஈ.சி.ஆர். ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த நதியாவின் அம்மாவும் கூடையைப் போட்டுவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாரு புள்ளடி?" என்று கேட்டாள் பக்கத்தில் ஓடினவளை.

"உம் புள்ளதான்டி!"

அவள் நின்றாள். "எம் புள்ளயா? அது வூட்லல்ல கீது!"

மொத்தக் குப்பமும் என் பக்கம் திரும்பியது. முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ இன்ஸ்பெக்ஷனைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு இன்ஸ்பெக்ஷனைப் பார்த்ததில்லை. "வூட்ல கீற பொண்ணு ஸ்கூல்ல கீதுன்னு எழுதுனது யாரு?" என்றார் படகிலிருந்து ஈரத்தோடு இறங்கின ஒருவர். டீச்சர் பதிவேட்டைத் திறந்த வாக்கில் பிடித்துக்கொண்டு நின்றார். பேசாமல் அவர் நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

நதியாவின் அம்மா என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போன வருசம் லீவே போடாத புள்ளன்னு டிபன் பாக்ஸ் பிரைஸு குடுத்து அனுப்புனீங்களே சார். அத்தக் கையில வச்சிக்கினு தெனம் வாசல்ல குந்திக்கினு கீது. 'இன்னிக்கி கூப்புடுவாங்களா'ன்னு கேக்குது. நான் இன்னா சார் சொல்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயமாகப் பொய்யெழுதின என் கை மேல் வந்திருக்க வேண்டும். வழக்கம்போல டீச்சர் மேல் வந்தது. இரண்டாவது புகார்க் கடிதத்தை மூன்று பக்கத்துக்கு எழுதினேன். மறுநாள் காலையில் வீம்புக்கு நதியா பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று போட்டு, கைபேசிச் செயலியிலும் அப்படியே ஏற்றினேன். உண்மைதானே கேட்டீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்!

ஒரு மணி நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன். "இன்னா சார் இது? சிறப்புக் கல்விய மாவட்டம் பூரா விரிவாக்கப் போறோம், இப்பப் போய் ஆப்சென்ட் போட்டுகினு! புள்ளி எறங்கிடும். வந்ததா போடுங்க."

"பொண்ணு வரலையே சார்."

"அது வந்தா இன்னா, வராட்டி இன்னா? போடுங்க சார்!"

போனை வைத்தேன். வந்தா என்ன, வராட்டி என்ன. இதையேதான் நான் இத்தனை வருஷமாகப் பேனாவால் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவன் வாயால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே நதியா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் டிபன் பாக்ஸ். "வர்றியாம்மா?" என்றேன். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் துப்பில்லை.

மறுநாளிலிருந்து அவள் அம்மாவின் மூன்று சக்கர மீன் வண்டியில் வந்து இறங்கினாள். வகுப்பு முழுக்க வஞ்சிர வாசனை. சாய்தளத்தைக் குப்பத்து ஆட்களே இடித்து, நீளமாக்கி, சரிவைக் குறைத்துக் கட்டினார்கள். சோதித்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கும்பிடு போட்டுவிட்டேன்.

புதன்கிழமை டீச்சர் பக்கத்தில் இருக்க, வருகை எடுத்தேன். "நதியா." அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

"நில்லுங்க சார்!" கூரை ஓடு அதிர்ந்தது. "அவ சொல்லிகினு கீறா. வார்த்த வூட்ட விட்டுக் கெளம்பிடுச்சி, வழில வந்துகினு கீது. இன்னா அவசரம், பஸ்ஸைப் புடிக்கணுமா?"

நின்றேன். வகுப்பே மூச்சடக்கிக் காத்திருந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். "உள்... ளேன்... ஐயா" என்று வந்து சேர்ந்தது. என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, அவள் வாயால் கேட்டு நான் போட்ட முதல் வருகை அது. பேனா சரியாக எழுதவில்லை என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

டீச்சர் ஒவ்வொரு புதனும் வந்தார். நதியாவின் மணிக்கட்டில் பட்டை கட்டி, பருமனான பென்சிலைச் செருகி, 'ந' எழுதவைத்தார். புதன்கிழமை அவர் வந்தால்தான் நதியா டிபன் பாக்ஸைத் திறப்பாள். அவர் உப்புமாவில் பாதி இவளுக்கு, இவள் மீன் குழம்பில் பாதி அவருக்கு. என் தயிர்சாதத்தை இருவரும் கேலி செய்வார்கள்.

அப்புறம் அந்த விரிவாக்கம் வந்தது. மாவட்டத்தின் எல்லா வட்டாரங்களிலும், எல்லாப் பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி, ஒரு குழந்தையும் விடுபடாது என்று சுற்றறிக்கை. நல்ல விஷயமாயிற்றே என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கணக்கு புரிந்தது. பள்ளிகள் மூன்று மடங்கு, டீச்சர்கள் அதே ஆட்கள். மாவைக் கூட்டாமல் தண்ணீரை ஊற்றி ஊருக்கே தோசை சுடுகிற சாமர்த்தியம்! சிறுசேரிப் பக்கத்திலிருந்து எங்கள் குப்பம் வரை காணோம் டீச்சருக்கு இருபத்தாறு பள்ளிகள். ஒரு நாளில் பாதியை பஸ்ஸே தின்றுவிடும். எங்கள் புதன்கிழமை போயிற்று. மாதத்தில் ஒரு நாள் வந்தால் பெரிது.

முதல் புதன் நதியா மூடின டிபன் பாக்ஸோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது புதனும். மூன்றாவது புதன் பென்சிலைத் தொடவில்லை. நான் பட்டை கட்டிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. நாலாவது வாரம், "அடுத்த புதன் ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு சொல்லுது சார்" என்றாள் அவள் அம்மா.

அன்றைக்கென்று பார்த்து அலுவலகத்திலிருந்து போன். "சார், சிறப்பாசிரியர் வாராவாரம் வந்ததா விசிட் புக்குல போட்டு அனுப்புங்க. செங்கல்பட்டுல ரிவ்யூ மீட்டிங் கீது."

எனக்கு உச்சந்தலை காந்தியது. வராதவளை வந்ததாக எழுதிக் கெட்டது போதாதா? "நேர்லயே கொண்டாறேன் சார்" என்றேன்.

செங்கல்பட்டில் ஏ.சி. ஹால். அதிகாரி திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டங்களைக் காட்டினார். விசிட் புக் இன்னும் என் பையில்தான் இருந்தது, ஆனாலும் எங்கள் பள்ளிக்கு நேரே எல்லாப் புதன்கிழமையும் பச்சை. நான் எழுந்தேன்.

"ஐயா, எங்க டீச்சரைக் காணோம்!"

"என்ன சார்?"

"புதன்கிழமை எங்க ஸ்கூல்ல இருக்காங்கன்னு உங்க படம் சொல்லுது. எங்க ஸ்கூல்ல இல்ல. அப்ப எங்க போனாங்க? கடல்ல தேடறதா, குளத்துல தேடறதா? போலீஸுக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"உக்காருங்க சார், அப்புறம் பேசலாம்."

"பதில் வழியில வந்துட்டு இருக்கும்ங்க ஐயா. நான் நிக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்."

நின்றேன். அன்றைக்கு மாத்திரை வேறு போடவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து, மரக்காணம் வரை கேட்கிற அந்தக் குரல்: "உள்ளேன் ஐயா!"

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பாசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இருக்கிற இடத்தையும் இல்லாத இடங்களையும் சொல்ல ஆரம்பித்தார்கள். அதிகாரி டீக்கு விட்டார். பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இருபத்தாறு, இருபத்தைந்தாயிற்று. ஆனால் புதன்கிழமை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. கூடவே எனக்கு ஒரு மெமோவும் கிடைத்தது: இருமுறை எழுத்து மூலம் புகார் செய்த ஒரு ஆசிரியருக்காகவே கூட்டத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டது ஏன், விளக்கம் தருக.

ஓய்வு பெறப் போகிற காலத்தில் வாங்கின முதல் மெமோ. உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், ஒரே மூச்சில் பதில் எழுதினேன்:

'ஐயா, மேற்படி சிறப்பாசிரியர் மீது நான் அனுப்பிய இரண்டு புகார்களும் உண்மையே. அவற்றைத் திரும்பப் பெறவில்லை. எனினும் புதன்கிழமைகளில் மேற்படியாரைக் காணாவிட்டால் எங்கள் பள்ளியில் இருவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஒருவர் ஐந்தாம் வகுப்பு மாணவி நதியா. மற்றவர் தயிர்சாதம் கொண்டு வருபவர்.'